நாலடி கேட்ட வீடு

எழுபதுகளின் நடுவிலிருந்து பதினோரு வருஷம், சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைந்தேன். ஒரு இன்ஜினியர், ஒரு மேஸ்திரி, நான். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி. இன்ஜினியர் காலமானதும் பூட்டிவிட்டோம். நாங்கள் கட்டியதில் என்ன மிச்சம் என்று பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போன தை மாதம் கிளம்பினேன். உண்மையில், ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

காலை 7.15க்கு சங்கரன்கோவிலில் பஸ். கரிவலம்வந்தநல்லூர் பத்து கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். நாங்கள் கட்டிய நூல் கிடங்கு நிற்கிறது, கூரைதான் வேறு. சிவகிரியில் கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க். அதற்கு முதல் கோடு போட்டவன் நான். 10.20க்கு அங்கிருந்து பஸ் பிடித்து 11.40க்குக் கடையநல்லூர் இறங்கினேன். முப்பத்தைந்து ரூபாய்.

அந்தக் காலத்தில் கடையநல்லூர் வீடுகளுக்கு பிளான் கேட்டு வளைகுடாவிலிருந்து கடிதம் வரும். அங்கே வேலை பார்த்த சுலைமான் என்பவர் எழுதிய கடிதத்தில், நடுப்பாதை நாலடி அகலம் வேண்டும் என்று இருந்தது. காரணம் எழுதவில்லை. அப்படி வைத்தால் சமையலறை ஒன்பதடி ஆகும். எங்கள் இன்ஜினியர் மனையடி சாஸ்திரம் பார்க்காமல் பென்சில் எடுக்கமாட்டார், ஒன்பது ஆகாது என்றார். சமையலறையைப் பத்தாக்கி, பாதையை மூன்றாகக் குறைத்து வரைந்தேன். கேட்டவர் முஸ்லிம், மனையடி அவருக்கு எதற்கு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வீடு முடிந்தபின் நடக்கமுடியாத தன் தாயாருக்கு அவர் சக்கர நாற்காலி அனுப்பினார். அது பாதையில் நேரே போனது, சமையலறை வாசலில் திரும்பவில்லை. புதுச் சுவரை இடிக்க அந்த அம்மா விடவில்லை என்று மேஸ்திரி வந்து சொன்னார்.

இப்போது அந்த வீட்டின் கதவைத் திறந்தவர் சுலைமானின் தங்கை பாத்திமா. "அண்ணன் தொழப் போயிருக்காவ" என்றார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தெரியும் அண்ணாச்சி. உம்மா கடைசி வரைக்கும் முன்னறையிலதான் கெடந்தா. ஆனா கேசட்டுல அண்ணனுக்கு, 'சேரு அடுப்படி வரைக்கும் போவுது மக்கா, நானே மீன் கொழம்பு வைக்கேன்'னு பேசி அனுப்பிட்டா. மவுத்தான பொறவுதான் அண்ணன் லீவுல வந்தாவ. இன்னும் அதைத்தான் நம்புதாவ. தயவுசெஞ்சு சொல்லிராதீய."

சுலைமான் வந்தார். யாரென்று தெரிந்ததும் கட்டிக்கொண்டார். "நாலடி கேட்டேன், மூணுதான் போட்டிய. ஆனா உம்மாவுக்கு அதுவே போதுமா இருந்துச்சு. வீடு பூரா சுத்தி வந்துச்சாம்" என்றார். பாத்திமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையாட்டினேன்.

இந்த வழியில் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், மதியத்தில் வீட்டில் ஆள் இருக்காது. சிவகிரியிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. உள்ளே படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். நான் அந்த வீட்டில் எடுக்கவில்லை, கை வரவில்லை.

2.30 பஸ்ஸுக்கு சுலைமானே வந்து ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "உம்மா ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்காவ துஆ செஞ்சிருக்கும் அண்ணாச்சி" என்றார். தென்காசி வரை அழுதுகொண்டே வந்தேன்.