மாரியம்மன் அனுப்பிய ரிலீவர்

தாயை நம்பி வாழும் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, இது என் வீட்டில் நடந்தது. ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

எண்பத்தாறாம் வருஷம், ஆடி மாதம். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். வலது கை மெஷினில் மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. காயம் ஆறியது. மனிதர் ஆறவில்லை. கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை தருகிறோம் என்றார்கள், போகவில்லை. எந்நேரமும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எங்கள் கைக்குழந்தையைக்கூடத் தூக்க மாட்டார். ஒருநாள் சாப்பிடும்போது, "நான் இல்லாம போனா நீங்கல்லாம் நிம்மதியா இருப்பீங்க" என்றார். குழம்பில் உப்பு குறைவு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

அதன்பிறகு குழாயடிக்குப் போகவும் பயம். குளிக்கப் போனாலும் காது வீட்டுக்குள்ளேயே இருக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. கூழ் ஊற்றுகிற நாளில் மாரியம்மன் கோயிலுக்கும் போக முடியவில்லை. வாசலில் நின்று, பம்பை மேளச் சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். "தாயே, என்னால தனியா முடியல. யாரையாவது அனுப்பு." அழுதேன்.

அன்று மத்தியானமே என் கொழுந்தனார் முனிராஜ் வந்தார். ஜூஜுவாடியில் வீடு, வேலை அதே கம்பெனி. ஷிப்ட் முடிந்து காக்கி உடுப்போடு வந்து நின்றார். கூழ் வாசனை பிடித்து வந்தவர் என்று இன்றும் கேலி செய்வேன். அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்ததும், "என்னண்ணி ஆச்சு?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நேரே உள்ளே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணா, செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுகிறாரே என்று பதறினேன். என் வீட்டுக்காரர் சுவரை விட்டுத் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். பிறகு "ஆமாண்டா" என்று தம்பி தோளில் சாய்ந்து அழுதார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அழுதார். முனிராஜ் திட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "சொல்லுண்ணா, கேக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு என்னிடம் வந்தார். "அண்ணி, அடுத்த ஷிப்டுக்கு மாத்தி விடற ஆளு, ரிலீவர், வராம நாங்க மெஷின விட்டு நகர மாட்டோம். நீங்க ஒருத்தரே மூணு ஷிப்டும் பாத்தா எப்படி?"

பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் சொன்னோம். "இன்னி ரோஜுலு எந்துக்கம்மா செப்பலேது?" இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தெலுங்கில் என்னைத்தான் திட்டினார். ஆபத்தாகத் தோன்றிய சாமான்களை எல்லாம் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வைத்தார். பைத்தியம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முனிராஜ் அண்ணனைப் பெங்களூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டினார். மாத்திரை வேலை செய்ய நாளாகும், அதுவரை பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

இருந்தோம். காலையில் நான், மத்தியானம் முனிராஜ், நான் சமைக்கும்போது லட்சுமம்மா. அடுத்த ஆள் வராமல் யாரும் எழுந்திருக்கவில்லை. முனிராஜ் கன்னடப் பாட்டு பாடுவார், கேட்க முடியாது. ஒருநாள் என் வீட்டுக்காரர், "பாட்ட நிறுத்துடா, பொழச்சுக்கறேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

தை மாதம் ஒரு மத்தியானம் முனிராஜுக்கு பஸ் கிடைக்கவில்லை. மடியில் குழந்தையோடு உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். யாரோ குழந்தையைத் தூக்கினார்கள். பார்த்தால், விரல் போன அந்தக் கைதான்.

"முனிராஜ் வரலன்னா என்ன? நான் உன்ன ரிலீவ் பண்றேன். போய்ப் படு."

விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன் தூங்கியதில்லை.

இப்போது ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். சரியில்லாத நாளும் வரும். அன்றைக்கு "கொஞ்சம் கூட இரு" என்று அவரே சொல்லிவிடுவார். வேறு வீட்டில் இப்படி ஒருவர் என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாகப் போய் உட்காருகிறார். வருஷா வருஷம் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம்.

உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், தாயைக் கும்பிடுங்கள். கட்டாயம் கேட்பாள். கும்பிட்ட கையோடு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அவள் அனுப்புகிற ஆள் அங்கேதான் இருக்கிறார்.