இடம் வலம் மாறிய பெட்டிகள்

முனிரத்தினம் இறந்த செய்தியை அவர் மகள் சித்தூரிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். "நைனா போயிட்டாரு அங்கிள். உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு சொல்லிக்கினு இருந்தாரு." அமெரிக்காவில் அப்போது மாலை. வீட்டுக்குக் கிளம்பியவன் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் திருப்பதியில் நாங்கள் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தோம். கூடப் படித்தவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எலியின் மூளையில் மணம் முதலில் போய்ச் சேரும் நுகர்குமிழைச் சீவிக்கொண்டிருந்தோம். மணத்தின் செய்தியை மேலே அனுப்பும் செல்களை அடக்குவதற்கென்றே அங்கே வேறு செல்கள் உண்டு. அந்த இணைப்புகள்தான் எங்கள் ஆய்வு. "அடக்கற செல்லு இல்லன்னா கர்ப்பூரமும் கருவாடும் ஒண்ணாத்தான் பா தெரியும்" என்பார் அவர். அவரிடம் படித்தவர்களுக்கு இந்த வாக்கியம் மறந்திருக்காது.

குடுபல்லியில் கூலி வேலை செய்த குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர். அமெரிக்க ஆய்வகம் ஒன்று அவரை அழைத்திருந்தது. எலிக்குட்டிகளுக்கு ஒரு மூக்குத் துளையை அடைத்து வளர்த்தால் அந்தப் பக்கத்து இணைப்புகள் என்ன ஆகின்றன என்று பார்த்து, முடிவுகளை அவர்களுக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அடைத்த பக்கத்துக் குமிழ் சிறுத்திருக்க வேண்டும். சீவிய துண்டுகளை வைத்திருந்த எங்கள் பெட்டிகளின்படி திறந்த பக்கம் சிறுத்திருந்தது.

பெட்டிகளில் இடம், வலம் என்று எழுதியவன் நான். மல்லாந்து கிடந்த எலிக்கு என் இடது வலதைப் போட்டிருந்தேன்.

பிழை தன்னுடையது என்று அவர் அமெரிக்காவுக்கு எழுதினார். அழைப்பை ரத்து செய்துவிட்டார்கள். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். என் விண்ணப்பமும் அப்போது வேறோர் அமெரிக்க ஆய்வகத்தில் பரிசீலனையில் இருந்தது. "ரெண்டு பேரும் இங்கயே குந்திக்கினு இன்னா பண்றது? நீ போ பா" என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

எங்கள் பேராசிரியர் எனக்குத் தந்த சிபாரிசுக் கடிதத்தில் 'மிகவும் கவனமானவர்' என்று இருந்தது. முனிரத்தினம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சரி, இனிமேலாவது கவனமா இரு."

அவர் சித்தூரில் கல்லூரி விரிவுரையாளர் ஆனார். பணி நிறைவு விழாவில் ஒருவர், இடது வலது தெரியாமல் அமெரிக்காவைக் கோட்டை விட்டவர் என்று அவரைக் கேலி செய்தார். இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். விடுமுறைக்கு வந்திருந்த நானும் முன்வரிசையில் இருந்தேன். எல்லோருடனும் சேர்ந்து சிரித்தேன்.

முனிரத்தினத்திடமிருந்து என்னிடம் இருப்பது இத்தனை வருட அமெரிக்க வாழ்க்கை. அது அவர் எனக்குக் கொடுத்தது என்று அவர் உயிரோடு இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.