நரிமுகம் தேடி அலைந்த தை மாதம்

விருத்தாசலத்தில் பீங்கான் கிடைக்கும், எந்தத் திசைக்கும் ரயில் கிடைக்கும், பழமலைநாதர் தரிசனம் தாராளமாகக் கிடைக்கும். நரி மட்டும் கிடைக்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தை மாதம் முழுதாகப் பாழாய்ப் போனது.

நாங்கள் சேலத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்து ஆட்கள். பொங்கல் கழிந்ததும் நரி முகத்தில் விழித்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாலிபத்தில் நானே வலை தூக்கிப் போய் நரி பிடித்து வந்திருக்கிறேன். ஊரே பார்த்து முடித்ததும் காட்டில் விட்டுவிடுவோம். இப்போது பிடித்தால் வனத்துறை கேஸ். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பீங்கான் சூளை வேலைக்கு இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் நரி என்ற ஒன்றையே மறந்திருந்தேன்.

என் மனைவி மறக்கவில்லை. அவளுக்குக் கண் நரம்பில் கோளாறு. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். ஓரம்தான் கொஞ்சம் மங்கல் என்று அவள் சொன்னாள். நானும் நம்பினேன்.

"ஏங்க, இந்தத் தையில ஒரு தடவை நரி மொகத்தைப் பாத்துடணும். பாத்தா இருக்கற பார்வை தங்கிடும்னு மனசுக்குப் படுது."

"மருந்தை ஒழுங்கா ஊத்து, தங்கும்."

"மருந்தும் ஊத்தறேன். நரியும் காட்டுங்க."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஒன்றைக் கேட்டுவிட்டு அவள் விட்டதாகச் சரித்திரம் இல்லை. கிளம்பினேன்.

எங்கள் ஊர் என்றால் எந்தக் கரட்டுக் குன்றில் எந்தப் பாறை இடுக்கு என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். வரப்பின் மேல் இலந்தைக் கொட்டையோடு கிடக்கும் நரி எச்சத்தைப் பார்த்தாலே போதும், ஆள் எந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று தெரிந்துவிடும். இங்கே கரடும் இல்லை, பாறையும் இல்லை. வயல், கரும்பு, முந்திரி, மறுபடியும் வயல். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் வழி சொன்னார். "சேத்தியாத்தோப்பு போங்க சார். வெள்ளாத்துப் படுகையில நரி நெறைய இருக்குது." விடிகாலை பஸ் பிடித்துப் போனேன். ஈர மணலில் ஒரு காலடி கிடைத்தது. ஒரு மணி நேரம் அதன் பின்னாலேயே நடந்தேன். கரும்புக் கொல்லை ஓரத்தில் படுத்திருந்த செவலை நாயிடம் போய் முடிந்தது. அது வாலை வேறு ஆட்டிற்று. அங்கே மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், "இங்க எங்கங்க நரி? மங்களூர் பக்கம் மக்காச்சோளக் கொல்லைல போய்ப் பாருங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு மங்களூர்; வேறு மாநிலத்து மங்களூர் இல்லை, இந்த மாவட்டத்திலேயே இருக்கும் ஊர். சோளக் கொல்லைக்குள் குனிந்து தடம் பார்த்துக்கொண்டிருந்தவனை ஒரு விவசாயி தடியோடு பிடித்துக்கொண்டார். "யாரு நீ? கண்ணி வைக்க வந்தியா?" இல்லையென்றேன். பின்னே எதற்கு என்றார். நரி முகத்தில் விழிக்க என்று இந்த வயதில் எப்படிச் சொல்வது? சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும், போயிட்டு வாங்க" என்றார். மரியாதை மட்டும் கூடியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இருந்துச்சா?" டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டே கேட்டாள். சூடான டீ என் காலில் விழுந்தது. "கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஊத்தற?" என்று கத்தினேன். துணி எடுத்துத் துடைத்தாள்.

மூன்றாவது ஞாயிறும் வீண். திங்கட்கிழமை சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எரிச்சல் தாங்காமல் புலம்பிக்கொண்டிருந்தேன். உடைந்த கோப்பைகளைப் பிரித்துப் போடும் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நரிக்கா அண்ணே மங்களூர் வரைக்கும் போனீங்க? நம்ம பின்னால களிமண்ணு எடுத்த பள்ளம் இருக்குதுல்ல, அங்க விடியக்காலைல நண்டு தின்ன வரும். எங்க வூட்டுலேர்ந்து பாத்தாலே தெரியும்."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே."

மூன்று வருஷமாக அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடிதான் டீ குடிக்கிறேன். வேலை செய்கிற இடத்தில் கேட்டால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டு ஊர் ஊராய்ப் போய்க் கேட்டவன் நான். யாரைத் திட்டுவது?

மறுநாள் விடிவதற்குள் அவளைப் பைக்கில் கூட்டிப் போனேன். குளித்து, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போவது போல வந்திருந்தாள். தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் கரையில் உட்கார்ந்தோம். நன்றாக வெளுத்த பிறகு எதிர்க்கரைக் கோரையிலிருந்து நரி வெளியே வந்தது. வாயில் நண்டு. இருபதடி தூரம்கூட இருக்காது. நின்று எங்களைப் பார்த்தது.

"அதோ பாரு" என்றேன், மூச்சுக் குரலில்.

"எங்க?"

"நேரா. கோரைக்கு இந்தப் பக்கம்."

"எந்தக் கோரை?"

பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன். அவள் தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். முகம் எங்கேயோ வெறும் தண்ணீரில் போய் நின்றது.

"மாசம் பூரா நாயா அலைஞ்சு கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்தியிருக்கேன். பாக்கக்கூடத் தெரியலையா உனக்கு?"

எனக்கு அந்த டீ ஞாபகம் வந்தது. வாசலில் நிற்கும் பைக்கில் வாரத்துக்கு இரண்டு முறை இடித்துக்கொள்வாளே, அதுவும் ஞாபகம் வந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"தீபாவளியிலேர்ந்து."

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். உங்ககிட்டதான் சொல்லலை. கத்துவீங்க."

நரி நண்டைக் கீழே போட்டு, முன்னங்காலால் அழுத்திக்கொண்டு, தலை நிமிர்ந்து மறுபடி பார்த்தது.

"இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குது."

"என்னைப் பாக்குதா?"

"உன்னையேதான் பாக்குது."

"அப்ப அது பாக்கட்டும்."

முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் கையைத் தடவிப் பிடித்து, அந்தக் கை நீண்டிருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். நரி போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அது போய்விட்டது என்று நான் சொல்ல ரொம்ப நேரம் ஆயிற்று.