அத்தான் பிணை நின்ற பட்டம்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று அக்கா பாயாசம் காய்ச்சினாள். அத்தான் அதைத் தொடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே இருந்துகொண்டு கேட்டார்.

"படிச்சு முடிச்சா என்ன சம்பளம் வரும்?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்றும் போகவில்லை; ஆனால் அது இப்போது அத்தான் மீது இல்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு பாலையூற்றில் அக்கா வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அத்தான் துறைமுகத்தில் எழுதுவினைஞர். பல்கலைக்கழகத்தில் படிப்பு இலவசம்தான். ஆனால் சாப்பாடு, தங்குமிடம், புத்தகம் எதுவும் இலவசமில்லை. மாணவர்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. அதற்கு அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அத்தானை விட்டால் ஆளில்லை.

"நீ கட்டாட்டி என்ர சம்பளத்திலதான் வெட்டுவாங்கள். அதுதான் கேக்கிறன்," என்றார்.

விலங்கியல் படித்து, காட்டுக்கும் கடலுக்கும் பாதுகாப்பளிக்கும் துறையில் சிறப்புப் பட்டம் எடுக்கப்போவதாகச் சொன்னேன். பக்கத்து ஊரான சல்லியின் கடற்கரையில் வெடி போட்டு மீன் பிடிப்பதைப் பள்ளிக்கூட வயதில் கண்டிருக்கிறேன். வெடித்த இடத்தில் விரலளவு குஞ்சுகள் வயிறு மேலாக மிதக்கும். அவற்றை யாரும் அள்ளுவதுகூட இல்லை. அதைக் கண்ட பிறகு வேறொன்றும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

"மீனுக்கும் ஆமைக்கும் காவல் நிக்க ஆர் சம்பளம் தருவான்?"

"அரசாங்கம் தரும், அத்தான்."

"டொக்டருக்கு எண்டாக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவன். இதுக்கு என்னெண்டு போடுறது?"

ஆனாலும் போட்டார். அக்கா அழுததால் போட்டார்.

நல்ல தேர்ச்சியோடு பட்டம் எடுத்து வந்தேன். வேலை வரவில்லை. அந்தக் காலத்தில் பட்டதாரிகள் எல்லா ஊரிலும் சும்மா இருந்தார்கள். நான் லிங்கநகரில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் காசு வட்டிக்கே காணாது. வங்கி அத்தானின் சம்பளத்தில் கை வைத்தது. மாத முடிவில் அவர் மிஞ்சிய சம்பளக் காசை அக்கா சமைக்கும் குசினி மேசையில் வைத்துவிட்டு வெளியே போவார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒருவழியாக நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் மாவட்டக் கடற்கரைக்கு ஒரு பாதுகாப்பு உத்தியோகத்தர் வேண்டுமாம். இதற்காகத்தானே படித்தேன் என்று ரயிலேறினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் கடலடியில் உயிரோடு வளரும் முருகைக்கல்லைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒருவர், "பொம்பிளைப் பிள்ளை, வள்ளத்தில போவீங்களோ?" என்று சிரித்தார். மற்றவர் குரலைத் தாழ்த்தி, "உங்கட எம்.பி.யிட்ட ஒரு சிபாரிசுத் துண்டு வாங்கிக்கொண்டு வந்தீங்களோ?" என்றார்.

"இல்லை. பட்டம் கொண்டு வந்தனான்," என்றேன்.

அவ்வளவுதான். முடிவு வரவேயில்லை.

பிறகு ஒருநாள் அத்தான் வழமைக்கு மாறாகச் சிரித்துக்கொண்டு வந்தார். நிலாவெளிப் பக்கம் அலங்கார மீன் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு முதலாளிக்கு விலங்கியல் பட்டதாரி தேவையாம். சம்பளம் அத்தானுடையதைவிடக் கூட.

"ஒரு வருசத்தில கடன் முழுக்கக் கட்டிப்போடலாம், பிள்ளை," என்றார். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க என்னால் ஏலவில்லை. போனேன்.

முதலாளி மரியாதையானவர். தேத்தண்ணி தந்து, தன் வள்ளத்திலேயே கூட்டிப்போய்க் காட்டினார். நிறம் நிறமான மீன்கள் முருகைக்கல்லின் பொந்துக்குள் ஒளிந்துகொள்ளும். சுழியோடிகள் மூழ்கி, அலவாங்கு என்ற இரும்புக் கம்பியால் கல்லையே உடைத்து அவற்றை வெளியே எடுத்தார்கள். தெளிந்த தண்ணீருக்குள், உடைந்த கிளைகள் எலும்புபோல வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. கரையில் பொலித்தீன் பைகளுக்குள் பாதி மீன் ஏற்கெனவே செத்திருந்தது.

"எனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்டுமில்லை. இந்தத் தொழிலால கடலுக்குச் சேதமில்லை எண்டு அரசாங்கத்துக்கு ஒரு பட்டதாரி எழுதித் தரவேணுமாம். மாசத்துக்கு ஒருக்கா நீங்கள் கையெழுத்துப் போட்டாக் காணும்."

நான் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.

அன்று பின்னேரம் வீட்டில் வெடித்தது. அத்தான் முதன்முறையாகக் கத்தினார். "என்ர பிள்ளையளின்ர வாயிலயிருந்து எடுத்து வங்கிக்குக் குடுக்கிறன். உனக்குக் கல்லும் மீனும் பெரிசோ?"

"பொய் எழுதத்தானோ அத்தான் என்னைப் படிப்பிச்சனீங்கள்?"

"நான் படிப்பிச்சது சம்பாதிக்க!"

அக்கா நடுவில் நின்று இரண்டு பேரையும் தள்ளினாள். அத்தான் சொன்னது பிழையில்லை. நான் சொன்னதும் பிழையில்லை. அதுதான் என்னை எரித்தது. கடலைக் காக்கப் படித்தவளுக்குக் காக்கிற வேலைக்குச் சம்பளமில்லை. அழிக்கிறவனுக்கு ஒத்தூத மட்டும் கைநிறையச் சம்பளம். இந்தத் தராசைச் செய்தவர்கள் கொழும்பில் சிரித்துக்கொண்டிருக்க, பாலையூற்றில் ஒரு குசினிக்குள் நானும் அத்தானும் ஒருவரையொருவர் குதறினோம்.

அடுத்த கிழமை மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய் அந்த அலவாங்கு வேலையைப் பற்றி முறைப்பாடு சொன்னேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதைப் பார்க்கிறதுக்கு எங்கட மாவட்டத்தில இப்ப உத்தியோகத்தர் இல்லைத் தங்கச்சி. ஆள் எடுக்கேல்லை," என்றார்.

"தெரியும். அந்த வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்தவள் நான்தான்," என்றேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

முதலாளிக்கு வேறொரு பட்டதாரி கிடைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் கிண்ணியாவில் விஞ்ஞான ஆசிரியர் வேலை கிடைத்தது. சின்னச் சம்பளம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, கடலின் வாயைக் கடந்து ஒவ்வொரு காலையும் போனேன். முதல் சம்பளத்தோடு வங்கிக்குப் போய், வெட்டுவதை இனி என் சம்பளத்தில் வெட்டுங்கள் என்று மாற்றி எழுதிக்கொடுத்தேன். அந்த மாதம் அத்தானின் காசு முழுதாக வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போது அவர் தன் பங்கு மீன் பொரியலில் ஒரு துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். நான் அதைத் தின்றேன், ஆனால் அழவில்லை.

கடன் முடிய என் இளமையின் நல்ல வருடங்கள் போயின. பாதுகாப்புத் துறையில் ஒருநாள்கூட நான் வேலை செய்யவில்லை. நிலாவெளிக்குப் போகிறவர்கள் கடல் இன்னும் அழகு என்கிறார்கள். தண்ணீருக்குக் கீழே பார்க்காதவர்கள்தான் அப்படிச் சொல்லுவார்கள்.