கரையோரத்துக் கறை

வீடியோவைச் சுருக்குவதுதான் என் பிழைப்பு. திண்டிவனத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, கேமரா கம்பெனிகளுக்கு, வீடியோ கொஞ்ச இடத்தில் அடங்குவதற்கான மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், "நீ வீடியோ எடுக்கிற பொண்ணுதானே?" என்பார்கள். எடுப்பதில்லை, சுருக்குகிறேன் என்றால், இதெல்லாம் ஒரு வேலையா என்பதுபோலப் பார்ப்பார்கள். விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். சித்தப்பா காணாமல் போனபோது விளக்கியே ஆக வேண்டியிருந்தது, அதுவும் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில்.

அவர் முந்தின நாள் காலையில் வெளியே போனவர், திரும்பவில்லை. அவருடைய மகள், என் தங்கச்சி, ஒரு வீடியோ அனுப்பினாள். விழுப்புரத்தை அடுத்த காணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் நாலு கேமரா மாட்டியிருந்தார்கள். அதில் ஏரிக்கரையைக் காட்டும் படம் அது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. திடீரென்று இடது ஓரத்தில், தண்ணீரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு கருப்பு தெரிந்தது. நடந்து வரவில்லை. துணியில் எண்ணெய் ஊறுவதுபோல ஊறி வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு சட்டென்று இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

உடனே போன் வந்தது. "அப்பாதான்க்கா. உள்ள எறங்கிட்டாரு. ஏரியில வலை போட்டுக்கினு இருக்காங்க. ஜல்தி வாக்கா."

சித்தி இறந்ததிலிருந்து சித்தப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். மல்லாட்டை விதைக்கும் பருவம் வந்தும் நிலத்துப் பக்கம் போகவில்லை. என்னவோ நடக்கப் போகிறது என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போதாததற்கு, பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடை அம்மா, "கரைக்குப் போறேன்னு சொல்லிக்கினு போனாரு" என்று சொல்லிவிட்டார். அந்தக் கருப்பைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரமாகவா ஒரு மனிதனைக் கைவிடுவார்கள்!

விழுப்புரம் பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ஆள் இறங்கினால் தண்ணீர் கலங்க வேண்டாமா? ஒரு சுழிகூட இல்லை. அந்தக் கருப்பு படத்தின் விளிம்பை விட்டு நகரவும் இல்லை.

ஊர் போய்ச் சேர்ந்ததும் சங்கத்து அறைக்குப் போனேன். நான் நினைத்தது சரி. அவர்கள் வாங்கியிருந்த பெட்டி நாலு கேமராவையும் ஒட்டி ஒரே படமாகப் பதிவு செய்கிறது. அதில் ஏரிப் படத்துக்கு இடது பக்கம் ஒட்டியிருந்தது பஸ் ஸ்டாப் படம்.

கூடியிருந்தவர்களிடம் என்னால் முடிந்தவரை சொன்னேன். சுருக்கும்போது படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டுவார்கள். கட்டங்களின் ஓரம் கோடு கோடாகத் தெரியாமலிருக்க, இந்தப் பக்கத்து நிறத்தையும் அந்தப் பக்கத்து நிறத்தையும் கலந்து மழுப்புவதற்கு ஒரு ஃபில்டர் உண்டு. ஒரே படத்துக்குள் மழுப்பினால் கண்ணுக்கு நல்லது. இரண்டு கேமரா சேரும் எல்லையில் அதை நிறுத்த வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, இந்தப் பெட்டியில் போட்டு வைக்கவில்லை. அதனால் பஸ் ஸ்டாப் ஓரத்தில் நிற்பவரின் கருப்பு ஏரிக்குள் வழியும். அசையாத தண்ணீரை எதற்குப் புதிதாக எழுத வேண்டும் என்று பெட்டி பழையதையே காப்பியடிக்கும், கறையோடு சேர்த்து. ஆள் போன பிறகும் கறை நிற்கும். அவ்வப்போது பெட்டி முழுப்படத்தையும் புதிதாக எழுதும், அப்போது சட்டென்று மறையும்.

"என்னா பேஜாரு இது? ஆளத் தேடச் சொன்னா பாடம் எடுத்துக்கினு இருக்குது" என்றார் வலையோடு நின்ற ஒருவர்.

வாயால் சொல்லிப் பயனில்லை. கேமராக்களை என் லேப்டாப்பில் இணைத்தேன். தங்கச்சியிடம் அவள் அப்பாவின் கருநீலச் சட்டை ஒன்றைக் கொடுத்து, பஸ் ஸ்டாப் கம்பத்தை ஒட்டி நிற்கச் சொன்னேன். ஏரிப் படத்தை மட்டும் திரையில் பெரிதாக்கினேன்.

தண்ணீரின் ஓரத்தில் கருப்பு ஊறியது. அவள் உயரத்துக்கு எழுந்து நின்றது. பின்னாலிருந்த ஒரு பெண் வீறிட்டாள். எல்லையில் ஃபில்டரை நிறுத்தினேன். தண்ணீர் சுத்தமாகிவிட்டது. அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் பஸ் ஸ்டாப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். கரை என்று காதில் விழுந்ததும் எல்லோரும் கரையையே பார்த்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் பாதித் தோளும் சித்தப்பாவின் கைலியும். விழுப்புரம் பஸ் வந்தது. போனபோது தோளும் இல்லை, கைலியும் இல்லை.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அவர் காணாமல் போனது பௌர்ணமி அன்று. சித்தி பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரை அம்மனைப் பார்க்கப் போவார். எங்கள் வீட்டில் அதை வக்கரை என்றுதான் சொல்வோம்.

டீக்கடை அம்மாவிடம் ஓடினேன். "கரைக்குன்னு இல்லம்மா, வக்கரைக்குன்னு சொல்லியிருப்பாரு. வாயில வெத்தலை, முதல் எழுத்து முழுங்கிப் போயிருக்கும்."

"எனுக்கு என்னாம்மா தெரியும்? கரைன்னுதான் காதுல வுழுந்துச்சு" என்றார் அவர், கொஞ்சம் கோபமாக.

சாயங்காலம் திருவக்கரைக் கோயில் மண்டபத்தில் சித்தப்பா கிடைத்தார். பட்டினியாக, ஆனால் உயிரோடு. ஏரியிலிருந்து வலையைச் சுருட்டினார்கள். தங்கச்சி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் தொழிலைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருமைப்பட்டேன்.

அடுத்த வாரம் சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது, அந்த வீடியோவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கருப்பு ஊறி வந்து நின்று மறைவதை, கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"டீக்கடை அம்மாவத் திட்டினியாமே" என்றார்.

"திட்டலை சித்தப்பா. வக்கரையைக் கரைன்னு கேட்டுடுச்சு, அதைத்தான் சொன்னேன்."

"அந்தம்மா சரியாத்தான் கேட்டுச்சு. நான் கரைக்குன்னுதான் சொன்னேன். போற வழியில ஸ்டாப்புல கொஞ்சம் நின்னேன், பஸ்ஸு வந்துச்சு. ஏறிட்டேன்."

அடுப்படியில் தங்கச்சி கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். விழவில்லை.

"அந்த சுவிட்சு என்னமோ சொன்னியாமே, போட்டுட்டியா?" என்றார் சித்தப்பா.

"போட்டுட்டேன்."

"அப்ப இனிமே நெசமா நின்னாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

திண்டிவனத்தில் என் மேசையில் அந்த ஏரிக் கேமரா எப்போதும் திறந்தே இருக்கிறது. வேலைக்கு நடுவே இடது ஓரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.