இன்குபேட்டருக்கு வைத்த பொட்டு

அடையாறில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் என் பங்குக்கு வந்த வைரஸ், கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோயைக் கொண்டுவருவது. தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மயிலாப்பூரில், முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்த பெண் கோழி நோயோடு மல்லுக்கட்டுவதை நினைத்தால் என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால் அந்த வைரஸிடம் ஒரு விசித்திரம் இருந்தது. மனிதருடைய நல்ல செல்களை அது பெரும்பாலும் சீண்டாது. புற்றுநோய்ச் செல்லைக் கண்டால் உள்ளே புகுந்து, பெருகி, வெடிக்க வைத்துவிடும். அதைக் கண்ணாடித் தட்டில் முதன்முதலாகப் பார்த்த அன்று மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

தட்டில் நடப்பது உடம்பில் நடக்காது. ரத்தத்தில் இறங்கிய வைரஸை நம் எதிர்ப்புச் சக்தி பாதி வழியிலேயே பிடித்துத் தீர்த்துவிடும். அப்படியானால் எதற்குள்ளாவது ஒளித்து அனுப்பினால் என்ன? எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள் உடம்பில் எங்கே புண் என்றாலும் தாமாகவே தேடிப் போகும். புற்றுக்கட்டியையும் புண் என்று நினைத்து அவை போகலாம். அவற்றுக்குள் வைரஸை ஏற்றிவிட்டால் கட்டி வரை கொண்டு சேர்க்குமா என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

இதை முதலில் புரிந்துகொண்டவர் எங்கள் தலைவர் அல்ல, கூடத்தைப் பெருக்கிக் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா. பெசன்ட் நகர்க் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருவார். ஞாயிறு தவறாமல் வேளாங்கண்ணிக் கோயிலுக்குப் போவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பஸ்ஸுல மீன் கூடைய ஏத்த உடமாட்டான்மா. எங்க அண்ணி தூக்குச்சட்டியில போட்டு மூடி எடுத்துக்கினு போவும். தி.நகர் போய் இறங்குற வரிக்கும் நாத்தம் வெளிய வரக்கூடாது, அவ்ளோதான்" என்றார்.

எனக்கு நாற்றம் வெளியே வந்துகொண்டே இருந்தது. வைரஸ் ஏற்றிய ஒரே நாளில் ஸ்டெம் செல் தானே வெடித்துவிடும். கட்டி வரை போய்ச் சேர அதற்கு அவகாசமே இல்லை. தீபாவளிக்குள் எதையாவது காட்டு, இல்லாவிட்டால் வேறு வேலையைப் பார் என்று தலைவர் சொல்லிவிட்டார். அதே தலைவரின் மேஜையில்தான் அக்காவை நிரந்தரமாக்கும் காகிதமும் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பத்து வருஷமாகத் தற்காலிக ஊழியர் அவர்.

ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் காலையில்தான் புதிதாக ஒரு தொகுதி ஸ்டெம் செல்களில் வைரஸை ஏற்றி இன்குபேட்டருக்குள் வைத்திருந்தேன். உடம்புச் சூட்டிலேயே செல்களை வளர்க்கும் பெட்டி அது. மறுநாள் விடுமுறை என்பதால் அன்று சாயந்திரமே எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொட்டு வைக்கும் வேலை எனக்கு. பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு எல்லோரும் கிளம்ப, அக்கா மட்டும் தரையைத் துடைக்கத் தங்கினார்.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து வந்தால் இன்குபேட்டர் அணைந்து கிடந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பின்பக்கம் கையைவிட்டுத் துழாவிச் சுவிட்சைப் போட்டேன். அக்காவை நிற்க வைத்து, ஏன் ஆஃப் பண்ணினீர்கள், மூன்று மாத உழைப்பு என்று கத்தினேன். நான் தொடவில்லை என்றார் அவர். கடைசியாக இருந்தது நீங்கள்தானே என்றேன். தலைவரிடமும் போய் அதையே சொன்னேன். அவர் அக்காவின் காகிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

தட்டுகளைக் கொட்டப் போனவள், கொட்டுமுன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். ஸ்டெம் செல்கள் வெடிக்கவில்லை. வைரஸை உள்ளே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தன. சூடு குறைந்ததால் வைரஸ் பெருகும் வேகமும் குறைந்துவிட்டதோ? என் கோபம் போன இடம் தெரியவில்லை. வைரஸை அழிக்கக்கூடிய ரத்த நீரில் புற்றுநோய்ச் செல்களை மூழ்க வைத்து, இவற்றை அதில் சேர்த்து, மறுபடி உடம்புச் சூட்டில் வைத்தேன். பக்கத்துத் தட்டில் வெறும் வைரஸ் மட்டும். மூன்றாம் நாள் வெறும் வைரஸ் விட்ட தட்டில் புற்றுநோய்ச் செல்கள் ஜம்மென்று இருந்தன. மற்றதில் அவை வெடித்து, அம்மை கண்ட தோல் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

தலைவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, என்ன நடந்ததோ அதை அப்படியே இன்னொரு முறை செய்துகாட்டு என்றார்.

அப்படியே என்றால் இன்குபேட்டரை அணைக்க வேண்டும். இந்த முறை அதன் பின்னால் மண்டியிட்டுத் தலையை நுழைத்தேன். சுவரில் இருந்த சுவிட்சின் மேல் சந்தனம். அதற்கு நடுவே காய்ந்துபோன குங்குமப் பொட்டு, என் விரல் ரேகையோடு.

எங்கள் வீட்டில் பூஜையன்று மிக்ஸியிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்து, அதன் மேல் பொட்டு வைப்பது அம்மாவின் வழக்கம். "இன்னிக்கு அதுகளுக்கு லீவு, யாரும் தொடப்படாது" என்பாள். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு சேர்ந்து அதைச் செய்த கை, அன்று என்னைக் கேட்காமலே இங்கேயும் செய்திருக்கிறது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: பொட்டைத் துடைத்துவிட மேஜைமேல் இருந்த ஸ்பிரிட் பஞ்சைத்தான் முதலில் எடுத்தேன்.

திரும்பினால் அக்கா வாளியோடு நின்றிருந்தார்.

"அத நான் அன்னிக்கே பாத்தேன்மா" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எங்கம்மா கேட்ட? ஏன் ஆஃப் பண்ணேன்னுதான் கேட்ட. யாரு பண்ணாங்கன்னு கேக்கவே இல்லியே."

ஒரு செல் ஏன் செத்தது என்பதற்கு ஒன்பது காரணம் யோசித்து, ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளுவது என் தொழில். இவர் விஷயத்தில் ஒரே காரணத்தோடு நின்றுவிட்டேன். பஞ்சைக் கீழே போட்டேன். தலைவரைக் கையோடு அழைத்துவந்து அதே இடத்தில் மண்டியிட வைத்துப் பொட்டைக் காட்டினேன். எழுந்ததும் அவர் தன் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து அக்காவின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சோதனை இரண்டு முறை பலித்தது, மூன்றாம் முறை பலிக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குறிப்பேட்டில் சூடு குறைந்ததற்குக் காரணம் எழுதும் இடத்தில் அன்று முதலில் அக்கா அணைத்தது என்றுதான் குறித்திருந்தேன். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.