ஒரு லட்சத்து மூன்று

லாரி வந்து நின்றால் மீதியம்மா சரக்கைப் பார்ப்பதில்லை. எண் பலகையைத்தான் பார்ப்பாள். “ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணா? தொண்ணூத்தேழு தடவை நூத்திமூணு. உடைஞ்சிருச்சு, பாவம்!” என்று உச்சுக் கொட்டிவிட்டு மறுபடி கண்ணாடிக் கல் ஒட்ட உட்காருவாள். எதாலும் வகுபடாத, உடையாத எண் வந்தால் அன்று அவள் பங்கு டீ டிரைவருக்கு.

தரையில் பதிக்கும் இரண்டு சென்டிமீட்டர் கண்ணாடிச் சதுரங்களை என் பட்டறையில் பதினாறு வருடமாகத் தாளில் ஒட்டுகிறாள். தாளின் ஓரமெல்லாம் பென்சில் வகுத்தல். எதற்கெடுத்தாலும் “மீதி என்ன?” என்று கேட்பதால் வந்த பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் தேதியை வகுப்பாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கல் சுமந்த தோளால் நாற்பது பேருக்குச் சோறு போடும் பட்டறை எழுப்பினேன். யார் எவ்வளவு கேட்டாலும் மூன்று கல் கூட்டித் தருவது என் பெருமை. சம்பந்தி நீச்சல் குளத் தரைக்கு ஒரு லட்சம் நீலக் கல் கேட்டார். “லட்சத்து மூணாப் பதிச்சுத் தர்றேன் சம்பந்தி. நீள்சதுரமா, ஒரு கல்லும் வெட்டாம, ஒரு கல்லும் மிஞ்சாம!” என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மீதியம்மா பசைக் கிண்ணத்தை மூடிவிட்டு வந்தாள். “முதலாளி, ஆகாது. அந்த எண்ணு உடையாது.”

“எத்தனை தரை போட்டவன் நான்! எனக்கே பாடமா? வரிசையை மாத்தினா வரும்.”

“ஏழேழா வச்சா ஒண்ணு மிச்சம். பதினொண்ணா வச்சா ரெண்டு. முந்நூத்திப் பதினாறு வரைக்கும் பார்த்துட்டேன். அதுக்குள்ள உடையாத எண்ணு அறுபத்தஞ்சு, அத்தனையிலயும் மீதி நிக்குது.”

“அதுக்கு மேல?”

“ரெண்டு பக்கமும் அதுக்கு மேல போனா கல்லே பத்தாதே! ஒரு வழிதான் இருக்கு. ஒத்தை வரிசையா ஒட்டிக்கிட்டே போங்க, ரெண்டு கிலோமீட்டர் வரும். சம்பந்தி நீந்த முடியாது, நடந்துக்கலாம்.”

பட்டறையே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கணக்குல ஒரு தப்பு இருக்கட்டும், நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

“சரிங்க” என்று தாள்களை நீட்டினாள்.

அன்று முழுக்க நானே உட்கார்ந்து வகுத்தேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு இந்த மண்டையை விட்டு இன்னும் போகவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அறுபத்தைந்திலும் மீதி நின்றது. ஓர் இலக்கம்கூட அவள் பிசகவில்லை.

தாள்களை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். “மூணை எடுத்துட்டா?”

“இருநூத்தைம்பது வரிசை, வரிசைக்கு நானூறு. கச்சிதம்.”

“சம்பந்தி முன்னால என் மூக்கு என்ன ஆகறது?”

மீதியம்மா நீலக் குவியலிலிருந்து மூன்று கல்லை எடுத்தாள். துடைத்து, என் மேசையில் ஒற்றை வரிசையாக வைத்தாள். “இதை அவர் கையில குடுத்துருங்க, மூணு கூடுதல்தானே!” பிறகு, நாளைக்கு வரலாமா என்று கேட்காமலே, போய்ப் பசைக் கிண்ணத்தைத் திறந்தாள்.